“நீங்கள் ஏற்கனவே பதிந்துவிட்டீர்கள்”



இந்தக் கிழமை எபிசோட்டைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். சொக்கெட்டின் மறுமுனையில் இருப்பவரின் முகவரியைக் கோடில் எப்படி எடுப்பது என்று ஒரு கேள்வி வந்தது. இரண்டு நிமிசத்தில் பதில் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டோம். பிறகு எடிட் பண்ணும்போது அந்த இடம் வந்ததும் எனக்கு வயிற்றுக்குள் என்னவோ செய்தது. பதிலில் பிழை இல்லை. ஆனால் அதே பதிலை நம்பி நான் எழுதின நாலு வரியால் பலெர்மோவில் ஒரு பிள்ளை ஒரு வருசம் பரீட்சை எழுதாமல் இருந்தது. மைக்குக்கு முன்னால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்தப் பதிலை ஒழுங்காகச் சொல்லி முடிப்பம். 1983 இல் 4.2 பி.எஸ்.டி. யுனிக்ஸோடு சொக்கெட் வந்தபோதே ‘கெட்பியர்நேம்’ என்ற அழைப்பும் கூடவே வந்தது. இணைந்த ஒரு சொக்கெட்டை அதன் கையில் கொடுத்தால், அந்தப் பக்கத்தின் ஐ.பி. முகவரியையும் போர்ட் எண்ணையும் தரும். சேர்வர் எழுதுகிறவர்களுக்கு அதுகூடத் தேவையில்லை. ‘அக்செப்ட்’ அழைக்கும்போதே அந்தத் தகவல் வந்துவிடும். பைத்தனில் அக்செப்ட் இரண்டு பொருளைத் திருப்பித் தருமே, அதில் இரண்டாவது இதுதான். கோ மொழியில் ‘ரிமோட்அட்ர்’, நோடில் ‘ரிமோட்அட்ரஸ்’. பெயர்தான் வேறு. கீழே கெர்னலிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இந்த இணைப்பின் மற்றப் பக்கத்தில் யார்?

இதில் எல்லாரும் ஒருக்காவது விழுகிற குழிகள் சில இருக்கு. காத்துக்கொண்டிருக்கிற சொக்கெட்டிடம் போய் இதைக் கேட்டால் ‘இணைப்பு இல்லை’ என்று பிழைதான் வரும். அக்செப்ட் தந்த புதுச் சொக்கெட்டிடம்தான் கேட்க வேணும். நோடில் வந்தவர் இணைப்பை அறுத்துக்கொண்டு போனபிறகு கேட்டால் ஒன்றுமே கிடைக்காது, அதனால் வந்த உடனேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கோ. சேர்வர் ஐ.பி.வி6 இலும் கேட்டுக்கொண்டிருந்தால், பழைய ஐ.பி.வி4 முகவரிக்கு முன்னால் இரண்டு முக்காற்புள்ளியும் நாலு ‘எஃப்’பும் ஒட்டிக்கொண்டு வரும். அதைப் பார்த்து யாரோ ஹாக் பண்ணிப்போட்டான் என்று பயந்த ஆட்களை எனக்குத் தெரியும். நானும் அதில் ஒருவன்.

எபிசோட்டில் சொன்னது இவ்வளவும்தான். இனி என்ர கதை.

2022 இல் எங்கட தமிழ்ப் பள்ளிக்கூட ஆண்டுப் பரீட்சைக்குப் பதிவு செய்ய ஒரு சின்ன இணையத்தளம் செய்து தந்தேன். அதற்கு முதல் எல்லாம் வட்ஸப்பும் கொப்பியும்தான். முதல் நாளே யாரோ ஒரு குழப்படிக்காரன் நாற்பது பொய்ப் பெயர் பதிந்துவிட்டான். சினிமா நடிகர்கள் எல்லாரும் மூன்றாம் வகுப்புப் பரீட்சை எழுத வந்திருந்தார்கள். ரீச்சர் கோவத்தோடு போன் எடுத்தா. “தம்பி, இதை நிப்பாட்ட ஒண்டும் செய்யேலாதோ?” நான் உடனே ஒரு சட்டம் போட்டேன்: ஒரு முகவரியிலிருந்து மூன்று பதிவுதான். ஒரு வீட்டில் அண்ணன் தம்பி தங்கச்சி இருப்பினம், மூன்று காணும் என்று கணக்கு. மிஞ்சினால் “நீங்கள் ஏற்கனவே பதிந்துவிட்டீர்கள்” என்று காட்டும். அந்த வசனத்தை ஒரு நிமிசம்கூட யோசிக்காமல் எழுதினேன்.

அன்று இரவு ஏழு மணிக்குத் திரும்பத் திறந்தோம். ஏழு பத்துக்கு முழு நகரத்துக்கும் பூட்டு. யார் வந்தாலும் ஏற்கனவே பதிந்தவர்கள். லொக்கைத் திறந்து பார்த்தால் வந்த அத்தனை பேரின் முகவரியும் 127.0.0.1. அதாவது என்ர சேர்வரே என்ர சேர்வருக்கு வந்து பதிந்துகொண்டிருக்கு.

ஏன் என்று விளங்க எங்கட அப்பாவின் வேலை உதவும். அப்பா ஒரு பெரிய பலாட்சோவில் போர்த்தியேரே. வாசலில் இருப்பார், தபால், பார்சல், பூ எல்லாம் அவர் கையில்தான் வரும், அவர்தான் மேலே கொண்டுபோய்க் கொடுப்பார். நாலாம் மாடியில் இருக்கிற சின்யோராவிடம் “பார்சல் யார் கொண்டுவந்தது?” என்று கேட்டால், அப்பாவின் பெயரைத்தான் சொல்லுவா. அவ பொய் சொல்லவில்லை. அவவின் கதவைத் தட்டினது அப்பாதான். என்ர தளத்துக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் அதே போர்த்தியேரே வேலையைச் செய்துகொண்டிருந்தது. வெளியிலிருந்து வந்த இணைப்பு அதோடு முடிந்துவிடும். பிறகு அது தன் பெயரில் புதிதாக ஒரு இணைப்பை உள்ளே திறக்கும். கெர்னல் உண்மையைத்தான் சொன்னது. கேட்ட கேள்விதான் வேறு.

இதற்கு மருந்து இருக்கு. போர்த்தியேரே ஒரு துண்டில் “இன்னார் தந்தது” என்று எழுதி உள்ளே அனுப்புவார். ஸ்க்விட் ப்ரொக்சியிலிருந்து வந்து பரவின ‘எக்ஸ்-ஃபோர்வர்டட்-ஃபோர்’ என்ற தலைப்பு அதுதான். 2014 இல் ஆர்.எஃப்.சி. 7239 அதற்கு ‘ஃபோர்வர்டட்’ என்று ஒரு ஒழுங்கான வடிவமும் தந்தது. ஆனால் அந்தத் துண்டில் வருகிறவனும் தானே எழுதிக்கொண்டு வரலாம். பார்சலில் ‘குவெஸ்தூராவிலிருந்து’ என்று நீங்களே எழுதிவிட்டால் அது குவெஸ்தூராவிலிருந்து வந்ததாகிவிடுமா? அதனால் அந்தப் பட்டியலை வலப்பக்கத்திலிருந்து படிக்க வேணும். உங்கட சொந்தப் போர்த்தியேரே எழுதினது கடைசியில் இருக்கும். அதை மட்டும் நம்புங்கோ. இடப்பக்கம் முதலில் இருப்பதை எடுக்கிற கோட் இன்றைக்கும் எத்தனையோ தளங்களில் ஓடிக்கொண்டிருக்கு. ஒரு வரி தலைப்பு எழுதி அனுப்பினால் யாரும் யாராகவும் ஆகலாம். ஹெச்.டி.டி.பி. இல்லாத இடங்களுக்கு ஹெச்.ஏ.ப்ரொக்சி கொண்டுவந்த ‘ப்ரொக்சி ப்ரொட்டோகோல்’ இருக்கு, அதுவும் இதே வேலைதான்.

பத்து நிமிசத்தில் திருத்தினேன். பதிவு ஓடத் தொடங்கியது. ரீச்சர் “நல்ல பிள்ளை” என்று வொய்ஸ் மெசேஜ் போட்டா. இரண்டு கிழமை ஒரு முறைப்பாடும் இல்லை. நான் என்னை ஒரு பெரிய என்ஜினியர் என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

பரீட்சை அன்று காலை ஒரு அன்ரி மகளோடு வந்தா. பட்டியலில் பிள்ளையின் பெயர் இல்லை. “நான் பதிஞ்சனான் தம்பி, இஞ்ச பாருங்கோ” என்று போனை நீட்டினா. ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்திருந்தா. ‘நீங்கள் ஏற்கனவே பதிந்துவிட்டீர்கள்.’ நான் எழுதின வசனம். வீட்டு வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது, மொபைல் டேட்டாவில் முயன்றிருக்கிறா. தளம் பதிந்துவிட்டது என்று சொல்லிவிட்டது, அவ நம்பிவிட்டா. பிறகு ஏன் திரும்பப் பார்க்கப் போறா? வினாத்தாள்கள் பெயர் பெயராக எண்ணி வந்திருந்தன, பட்டியல் மூடியாகிவிட்டது. பிள்ளை புதுப் பென்சில் பெட்டியோடு வந்திருந்தது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனது.

வீட்டுக்குப் போய் லொக்கைத் தோண்டினேன். அந்த நேரம், அந்த முகவரி. அதே முகவரியிலிருந்து அதற்கு முதல் மூன்று பதிவு, மூன்றும் வேறு வேறு குடும்பம், நகரத்தின் வேறு வேறு மூலையில் இருப்பவர்கள். ஒரே மொபைல் கொம்பனி. இந்த முறை கோடில் பிழை கிடையாது. முகவரியும் சரி, போர்த்தியேரே எழுதின துண்டும் சரி. நான் அதற்குக் கொடுத்த அர்த்தம்தான் பிழை.

ஐ.பி.வி4 இல் மொத்தமே 430 கோடி அளவு முகவரிகள்தான். உலக மட்டத்துக் கையிருப்பு 2011 பெப்ரவரியில் பங்கிட்டு முடிந்தது. ஐரோப்பாவுக்குப் பங்கிடுகிற ரைப் என்.சி.சி. யிடம் இருந்ததும் 2019 நவம்பர் 25 அன்று தீர்ந்தது. அதற்குப் பிறகும் சிம் விற்கத்தானே வேணும்? அதனால் கொம்பனிகள் பெரிய அளவில் முகவரி மாற்றம் செய்கின்றன. கெரியர் கிரேட் நாட் என்பார்கள். இதற்காகவே 2012 இல் ஆர்.எஃப்.சி. 6598 ஒரு தனித் தொகுதியை ஒதுக்கியது, 100.64 இல் தொடங்குகிறது, நாற்பது இலட்சத்துக்குக் கொஞ்சம் கூட முகவரிகள். உங்கட போனுக்கு உள்ளுக்குள் அப்படியொன்று கிடைக்கும். வெளியே போகும்போது நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே முகவரியோடு போவார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டுவது போர்ட் எண் மட்டும்தான். முகவரியை மட்டும் எழுதி, போர்ட்டையும் சரியான நேரத்தையும் எழுதாத லொக் பொலிசுக்கும் உதவாது. 2017 இல் யூரோபோலே இதைப் பற்றிப் பகிரங்கமாக முறையிட்டது: ஒரு முகவரிக்குப் பின்னால் எத்தனையோ சந்தாதாரர்கள், குற்றவாளியைப் பிரித்தெடுக்க முடியவில்லை என்று.

இப்ப யோசியுங்கோ, நான் போட்ட அந்தப் பூட்டு யார் முகத்தில் அடித்தது? சொந்த ஃபைபர் லைன் உள்ள வீட்டுக்குப் பெரும்பாலும் தனி முகவரி. அவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. பலாறோ பக்கம் ஒரு கட்டடத்தில் நாலு குடும்பம் ஒரு வைஃபையைப் பங்குபோட்டுக் காசு கட்டுகிற வீடுகளுக்கு ஒரு முகவரி. மொபைல் டேட்டாவை மட்டும் நம்பி இருக்கிறவர்களுக்கு, முன்பின் தெரியாத நூறு பேரோடு சேர்த்து ஒரு முகவரி. என்ர நாலு வரி கோட் தன்னையறியாமல் வருமானத்தைப் பார்த்து ஆள் பிரித்திருக்கு. நான் அப்படி எழுத நினைக்கவே இல்லை என்று சொல்லலாம். ஆனால் பென்சில் பெட்டியோடு வந்த பிள்ளைக்கு அது என்ன வித்தியாசம்?

இந்த விசயத்தில் இத்தாலியின் சட்டத்துக்கு என்னைவிட முதலே விளங்கியிருந்தது, அதுவும் ஒரு கசப்பான வழியில். உங்களில் பலர் சின்ன வயதில் போன் சென்ரருக்கு அம்மா அப்பாவோடு போயிருப்பீர்கள். மரப் பெட்டி மாதிரி கபின், உள்ளே ஒரு ஸ்டூல், வெளியே இரண்டு பழைய கொம்பியூட்டர். எனக்கு நினைவில் நிற்கிறது வாசலில் இருந்த போட்டோகொப்பி மெசின். மெயில் பார்க்க வேணும் என்றாலும் பர்மெஸ்சோவையோ பாஸ்போர்ட்டையோ கொடுக்க வேணும். மாமா கொப்பி எடுத்து ஃபைலில் போடுவார். லண்டன் குண்டுவெடிப்புக்குப் பிறகு 2005 ஜூலையில் வந்த சட்டம் அது, அன்றைய உள்துறை அமைச்சர் பிசானுவின் பெயரால் சொல்வார்கள். கடைக்குக் குவெஸ்தூராவின் அனுமதி வேணும், வருகிறவரின் அடையாளம் எடுக்க வேணும். 2010 முடியும்வரை அந்த அடையாளக் கட்டாயம் இருந்தது.

அந்தச் சட்டம் எனக்குப் பிடிக்காது. அம்மா ஊருக்கு மெயில் அனுப்ப ஏன் பாஸ்போர்ட் காட்ட வேணும் என்று இப்பவும் எரிச்சல் வரும். ஆனால் அதன் அடியில் இருந்த தொழில்நுட்ப அறிவு சரி: முகவரி உன்னைக் கடை வாசல் வரைக்கும்தான் கொண்டுபோகும். உள்ளே எந்தக் கதிரையில் யார் இருந்தது என்று அதுக்குத் தெரியாது. அதனால்தான் கொப்பி எடுக்கச் சொன்னார்கள். நான் படித்துவிட்டு எழுதின கோட் அந்த வாசலிலேயே நின்றுகொண்டு, உள்ளே இருக்கிறவரைத் தனக்குத் தெரியும் என்று சொன்னது.

சரி, முகவரி ஆளைக் காட்டாது என்றால் அது வெறும் இலக்கம், எவ்வளவும் சேர்த்து வைக்கலாம் என்று நினைக்காதீங்கோ. பாத்ரிக் பிரேயர் என்ற ஜெர்மன் அரசியல்வாதி, தான் பார்த்த அரசாங்கத் தளங்கள் தன் முகவரியைச் சேமிக்கின்றன என்று வழக்குப் போட்டார். 2016 ஒக்டோபர் 19 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது: அடிக்கடி மாறுகிற முகவரியாக இருந்தாலும், இணையக் கொம்பனியிடம் இருக்கிற தகவலோடு சேர்த்து ஆளைக் கண்டுபிடிக்கச் சட்டப்படி வழி இருந்தால், அது தனிப்பட்ட தரவுதான். நியாயமாக ஒருவரை அடையாளம் காட்ட முகவரி போதாது. ஒருவருக்குத் தீங்கு செய்ய மட்டும் தாராளமாகப் போதும். இரண்டையும் ஒன்றாக மண்டைக்குள் வைத்திருக்க வேணும், அதுதான் கஷ்டம்.

தீங்கு என்றால் என்ன என்று அமெரிக்காவின் கன்சாஸில் ஒரு பண்ணை வீட்டில் இருந்தவர்களைக் கேட்க வேணும். முகவரியிலிருந்து இடத்தைச் சொல்கிற மாக்ஸ்மைண்ட் கொம்பனி, அமெரிக்காவுக்குள் எங்கே என்று தெரியாத முகவரிகளுக்கு நாட்டின் நடுவில் ஒரு புள்ளியைப் போட்டிருந்தது. 60 கோடிக்கு மேற்பட்ட முகவரிகள். அந்தப் புள்ளி ஒரு வீட்டின் முற்றம். வருசக்கணக்காகப் பொலிசும் ஏமாந்தவர்களும் கதவைத் தட்டினார்கள். 2016 இல் செய்தி வந்தபிறகுதான் புள்ளியை ஒரு ஏரியின் நடுவுக்கு மாற்றினார்கள். நான் பலெர்மோவில் இருந்துகொண்டு பார்க்கும்போது என்ர போனை மிலானோ என்றும் ரோமா என்றும் காட்டுகிறார்கள். சிரிப்பு என்னவென்றால், கொழும்பிலும் சென்னையிலும் கரை ஏறுகிற சீ-மீ-வீ 4 கடலடிக் கேபிள் இதே பலெர்மோவிலும் ஏறுகிறது. ஊரின் பொதிகள் எங்கட கடற்கரையைத் தொட்டுக்கொண்டு போகலாம். நான் மட்டும் மிலானோவில் இருக்கிறேனாம்.

இத்தாலி அரசாங்கமும் நான் செய்த பிழையைப் பெரிய அளவில் செய்து பார்த்துவிட்டது. பெட்சொத்தோவை நிறுத்த 2023 இல் 93ஆம் இலக்கச் சட்டம் வந்தது. (பெட்சொத்தோ என்ன என்று கேட்காதீங்கோ, பாதிப்பேர் வீட்டில் அதில்தான் கிரிக்கெட்.) அதன் கீழ் ‘பைரசி ஷீல்ட்’ 2024 பெப்ரவரியில் தொடங்கியது: ஆட்சேபணை வந்தால் 30 நிமிசத்துக்குள் முகவரியைத் தடுக்க வேணும். அந்த மாதமே 24ஆம் திகதி கிளவுட்ஃபிளேரின் ஒரு முகவரியைத் தடுத்தார்கள். ஒரு முகவரிக்குப் பின்னால் ஒரு தளம் என்று நினைத்தார்கள் போல. கால்பந்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஏராளமான தளங்கள் இத்தாலியில் சில மணிநேரம் திறக்கவில்லை. என்னுடையது வருகிற பக்கம், அவர்களுடையது போகிற பக்கம், அவ்வளவுதான் வித்தியாசம்.

செக்யூரிட்டி வேலை செய்கிற நண்பர்கள் இதை வாசித்துவிட்டு வருவார்கள் என்று தெரியும். “முகவரியை வைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தாவிட்டால் ஒரு மணித்தியாலத்தில் பத்தாயிரம் பாஸ்வேர்ட் அடித்துப் பார்ப்பான், நீ வந்து காப்பாற்றுவாயா?” சரி. நானும் அதை எடுக்கவில்லை. ஒரு முகவரியிலிருந்து திடீரென்று நெரிசல் வந்தால் கொஞ்சம் ஆறுதலாக வா என்று சொல்லுறது நியாயம், அது வரிசையைப் பற்றின விசயம். “நீ ஏற்கனவே வந்துவிட்டாய்” என்று சொல்லுறது ஆளைப் பற்றின விசயம். அதைச் சொல்ல முகவரிக்கு உரிமை இல்லை. ஒரே ஆளா என்று தெரிய வேணும் என்றால் ஆளைக் கேளுங்கோ: பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, ஒரு போன் நம்பர். நடிகர்களின் பிறந்தநாளை ரீச்சர் ஒரு பார்வையில் பிடித்துவிடுவா. இதற்கு இவ்வளவு கோட் தேவையே இருக்கவில்லை என்பதுதான் எனக்கு வெட்கம்.

இப்ப என்ர லொக்கில் முகவரி ஏழு நாள்தான் இருக்கும், பிறகு தானாகவே அழியும். ஏழு என்பது எந்தச் சட்டமும் சொன்ன கணக்கில்லை, எனக்குப் பிழை தேட அவ்வளவு நாள் போதும். மூன்று பதிவுச் சட்டத்தை அழித்துவிட்டேன். பதிவு உண்மையிலேயே சேர்ந்தால் மட்டும் பிள்ளையின் பெயரோடு ஒரு எஸ்.எம்.எஸ். போகும்.

அடுத்த வருசம் பதிவு திறந்த அன்று பின்னேரம் அந்த அன்ரி பஸ்ஸிலிருந்து போன் எடுத்தா. எஸ்.எம்.எஸ். வந்துவிட்டது என்றா. பிறகு கொஞ்சம் தயங்கி, “எண்டாலும் தம்பி, நீங்கள் ஒருக்கா உள்ளுக்குப் போய்ப் பேர் இருக்கோ எண்டு பாத்துச் சொல்லுவீங்களோ?” என்று கேட்டா. பார்த்தேன். பதினேழாவது வரியில் இருந்தது. வாசித்துக் காட்டினேன், எழுத்துப் பிழை இருக்கோ என்றும் கேட்டா, இல்லை என்றேன்.